வழுவும் வழுவமைதியும்

பதுளையிலிருந்து ஹப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை என்று மலைச்சரிவில் இறங்கிச் செல்லும் வீதி ஊவா மாகாணத்தின் எல்லையைக் கடந்து பலாங்கொடையை அடைகிறது. மாணிக்கக் கற்களுக்குப் பெயர்போன அந்தப் பகுதியின் ஓடைமணலில், 1904ஆம் ஆண்டளவில், கருநிறமும் மிகுந்த கனமும் கொண்ட சிறு சிறு கனசதுரக் கற்கள் அகப்பட்டன. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்கு அப்போது தலைமை தாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் கலை வரலாற்றறிஞராக உலகு அறிந்த அதே குமாரசுவாமிதான். கற்கள் இலண்டனுக்குப் போயின. அங்கே அவற்றைப் பகுத்தாய்ந்தவர்கள் தோரியம் என்னும் மூலகம் அவற்றில் மிகுந்திருக்கக் கண்டு ‘தோரியனைற்று’ என்று பெயரிட்டார்கள். கல்லிலிருந்து ஈலியம் என்னும் வாயுவும் வெளிப்பட்டது. 1905ல் ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானிய இரசாயனவியலாளர், இந்த இலங்கைக் கல்லிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்து, கதிர்த்தொழிற்பாடுடைய புதிய பொருளொன்றைக் கண்டார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து யுரேனியத்தின் கரு பிளவுபடுவதைக் கண்டவர்களில் முதன்மையானவரும் அவரே. இடுப்பளவு நீரில் நின்று மணலை அரித்துக் கல்லைப் பொறுக்கியவர்கள் யாரென்று விஞ்ஞான வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

அந்தக் கல்லுக்குள் ஈலியம் எப்படி வந்தது? தோரியத்தின் கரு கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன்னிலிருந்து சிறு துண்டுகளை வெளியே எறிந்துகொண்டிருக்கிறது. இரண்டு புரோத்தன்களும் இரண்டு நியூத்திரன்களும் இறுகப் பிணைந்த அத்துண்டுதான் ஈலியத்தின் கரு. கல்லை விட்டு வெளியேற வழியின்றி அது உள்ளேயே தங்கிவிடுகிறது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. புரோத்தன்கள் இரண்டும் நேரேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளுபவை. ஒன்றையொன்று தள்ளுபவற்றை இத்துணை இறுக்கமாகக் கட்டிவைக்கும் விசை யாது? 1932ல் நியூத்திரன் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் உலகின் கூர்மதி படைத்தோர் பலர் இக்கேள்வியோடு மல்லாடி வருகின்றனர். இன்று அவர்கள் அக்கேள்வியைப் பெரும் கணினிகளிடம் ஒப்படைத்துள்ளனர். நாம் எழுதப் புகுந்தது அந்தக் கணக்கைப் பற்றி. அதிலும் சிறப்பாக, அந்தக் கணக்கில் நேரும் வழுவைப் பற்றி.

தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இது ஏன் என்று நண்பர்கள் வினவக்கூடும். “லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஈலியத்தின் கருவைப் பற்றிப் பேசுகிறீர்களே” என்று ஒரு தோழர் நம்மிடம் நேராகவே கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் தோட்டத்து மனிதரைப் போலக் கணக்குக்குள் வாழ்ந்தவர் இந்நாட்டில் வேறெவர்? செக்ரோலில் ஒரு கணக்கு. கொழுந்து மடுவத்தில் ஒரு கணக்கு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 மக்களை இரு அரசுகள் பங்கிட்டன. 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்றார்கள்; 1,50,000 பேர் மீதி. பிரித்தல் கணக்கில் வரும் மீதியைப் போலவே அவ்வளவு மனிதரும் பத்தாண்டு காலம் கோட்டுக்குக் கீழே நின்றார்கள். 1974ல் அந்த மீதியும் பாதி பாதியாக வெட்டப்பட்டது. இத்தகைய வரலாறு உடையவர்கள், நேர்மையான கணக்கு ஒன்று எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவது ஆடம்பரம் ஆகாது.

நமது உயர்தர வகுப்புப் பௌதிக நூல்களில் அளவீட்டில் ஏற்படும் பிறழ்ச்சிக்கு ‘வழு’ என்றே பெயர். பூச்சிய வழு, எழுமாற்று வழு, முறைமை வழு என்று மாணவர் எழுதுகின்றனர். கலைச்சொல் ஆக்கிய அறிஞர் அச்சொல்லை இலக்கணத்திலிருந்து எடுத்தனர் என்பது வெளிப்படை. நம் இலக்கணிகள் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தார்கள். பிழையின்றிப் பேசுவது வழாநிலை. பிழைபடப் பேசுவது வழு. மூன்றாவதுதான் நம் சிந்தனைக்கு உரியது. பிழையே ஆயினும், தக்க காரணம் ஒன்று இருப்பின், அக்காரணத்தைச் சொல்லி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. தன் பசுவை ஒருவன் உவப்பினால் தாயென்று அழைத்தால் அது திணை வழு; உவப்பு என்ற காரணம் கூறி அமைத்துக்கொள்கிறோம். பிழையை மறைப்பதும் அன்று, பிழையே இல்லை என்று சாதிப்பதும் அன்று. இன்ன காரணத்தால் இவ்வளவு பிழை உண்டு என்று வெளிப்படையாக ஒப்புவது. அணுக்கருவின் விசையைக் கணிக்கும் விஞ்ஞானம் இன்று வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறக்குறைய இதுதான்.

1935ல் யப்பானிய அறிஞர் ஹிடெகி யுகாவா ஒரு கருத்தை முன்வைத்தார். கருவுக்குள் இருக்கும் துணிக்கைகள் வேறொரு துணிக்கையைத் தமக்குள் இடைவிடாது பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பரிமாற்றமே விசையாகத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. அவர் எதிர்பார்த்த துணிக்கை 1947ல் காணப்பட்டது. 1949ல் நோபல் பரிசு வந்தது. கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. யுகாவாவின் விளக்கம் துணிக்கைகள் சற்று விலகி நிற்கும்போது பொருந்தியது. அவை நெருங்கி வந்தால் பொருந்தவில்லை. பின்னர் புரோத்தனும் நியூத்திரனும் தாமே குவார்க்குகள் என்னும் இன்னும் சிறியவற்றால் ஆனவை என்பது தெரியவந்தது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கிக் கணக்கிடுவது கண்ணுக்கெட்டாத வேலையாயிற்று.

விஞ்ஞானிகள் வேறு வழியை நாடினார்கள். புரோத்தனைப் புரோத்தன் மீதும், நியூத்திரனைப் புரோத்தன் மீதும் மோதவிட்டுப் பல ஆய்வுகூடங்களில் பல ஆண்டுகளாகச் சேர்த்த அளவீடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் இசைவான ஒரு விசைக் கோவையை அமைத்தார்கள். அமெரிக்காவின் ஆகோன் ஆய்வுகூடத்தார் 1995ல் வெளியிட்ட கோவை 4,301 அளவீடுகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தியது. இருவருக்கிடையிலான விசை இவ்வளவு துல்லியமாகக் கைக்கு வந்துவிட்டது. இனி நால்வர் கூடிய ஈலியக் கருவைக் கணிப்பதில் என்ன தடை?

கணித்தார்கள். கருவிலுள்ள பிணைப்பின் வலிமையைப் பத்து இலட்சம் இலத்திரன் வோல்ற்று என்னும் அலகில் அளப்பது வழக்கம். ஈலியக் கருவின் பிணைப்பு, அளவீட்டின்படி, 28.3 அலகு. கணக்கில் வந்தது 24 அலகளவே. ஏறத்தாழ நான்கு அலகு குறைந்தது. கணினி பிழை செய்யவில்லை. கோவையும் தன் 4,301 அளவீடுகளுக்குத் துரோகம் செய்யவில்லை. எடுத்துக்கொண்ட கருத்தில்தான் குறை இருந்தது. மூவர் கூடும்போது, அங்கே இருவர் இருவராக எண்ணிக் கூட்டிய விசைக்கு மேலாக, மூவரும் ஒருங்கிருப்பதால் மட்டுமே தோன்றும் ஒரு விசை உண்டு. 1957லேயே யப்பானியராகிய புஜித்தாவும் மியாசாவாவும் இதை எடுத்துக் காட்டியிருந்தனர். இந்தியாவில் பிறந்து, பம்பாய் தாத்தா ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, பின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் வாழ்நாளைக் கழித்த விஜய் பண்டரிபாண்டேயும் அவரது குழுவினரும் அம்மூவர் விசைக்கு உருவம் கொடுத்துக் கணக்கில் சேர்த்தபோது ஈலியத்தின் கரு தன் இடத்துக்கு வந்து நின்றது.

இதைக் கேட்டவுடன் “அளவு பண்பாக மாறுகிறது! பார்த்தீர்களா!” என்று மகிழ்ந்து எழும் நண்பர்களை நாம் அறிவோம். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு இது நல்ல உவமைதான். ஆனால் இயற்கை நமது கோட்பாடுகளுக்குச் சான்றிதழ் வழங்குவதற்காகக் காத்திருக்கவில்லை. மூவர் விசை உண்மையாக இருப்பது, அதைச் சேர்த்த பின் கணக்கு அளவீட்டோடு ஒத்ததால். நமக்குப் பிடித்திருப்பதால் அன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூவர் விசையின் வலிமையை எப்படித் தீர்மானித்தார்கள்? பெருமளவுக்கு, விடை சரியாக வரும்படியே. விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குச் செய்யும் மாணவனை ஆசிரியர் நாம் என்ன செய்வோம்? இங்கே அறிவு பற்றிய ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. சரியான விடையைத் தருவதனாலேயே ஒரு கணக்கு அறிவு ஆகிவிடுமா? ஈலியத்துக்குப் பொருத்தியது காபனுக்குப் பொருந்தாமற் போனால் எவ்வளவு விலகும் என்று முன்கூட்டிச் சொல்ல அக்கோவைகளிடம் வழியில்லை. பெரும்பாலும் சரி, தவறினால் எவ்வளவு தவறும் என்பதற்கு மௌனம்.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் ஸ்டீவன் வைன்பேர்க். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் காட்டிய முறையில் விசை படிப்படியாக விரிகிறது. முதற்படி பெரும்பகுதியைத் தரும். அடுத்த படி திருத்தும். அதற்கடுத்தது அதைவிடச் சிறியதாய்த் திருத்தும். மூவர் விசையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவும் தேவையில்லை. குறிப்பிட்ட படியில் அது தானே முளைக்கிறது. எல்லாவற்றிலும் முதன்மையாக, எந்தப் படியில் நிறுத்தினாலும், விட்டுவிட்ட படிகளின் பருமன் இவ்வளவாக இருக்கலாம் என்று மதிப்பிட இயலும். விடையோடு வழுவும் சேர்ந்தே வருகிறது.

எடுத்துக்காட்டாகக் காபனைச் சொல்வோம். நம் உடலிலும் தேயிலைக் கொழுந்திலும் உள்ள காபன், முதிர்ந்த விண்மீன்களுக்குள் மூன்று ஈலியக் கருக்கள் கூடி உண்டானது. அது நிகழ வேண்டுமாயின் காபன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட கிளர்நிலை இருந்தே ஆகவேண்டும் என்று 1953ல் பிரெட் ஹொயில் வாதாடினார்; தேடிப் பார்த்தவர்கள் அவ்விடத்திலேயே அதைக் கண்டனர். ஆனால் விசையிலிருந்து தொடங்கி அந்நிலையைக் கணக்கால் பெறுவதற்கு 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் யூலிக் நகரத்துப் பெருங்கணினியைக் கொண்டு எப்பெல்பௌமும் அவரது தோழர்களும் கணித்த பிணைப்பு 85 அலகு. அத்துடன் நிறுத்தவில்லை: 3 அலகு கூடலாம், குறையலாம் என்றும் எழுதினார்கள். அளவீடு 84.51. இரண்டாண்டு கழித்து, குவார்க்குகளின் திணிவு சற்று மாறியிருந்தால் உயிர் தோன்றியிருக்குமா என்று அவர்களே ஆராய்ந்தனர். 2, 3 வீத மாற்றம் உயிருக்குக் கேடாக இருந்திராது. அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தாங்குமா என்பதை இன்றைய குறைந்த அறிவைக் கொண்டு தீர்க்க முடியாது என்று முடித்தனர். உலகம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டதா என்ற கேள்வியின் வாசல்வரை சென்றவர்கள், தம் அறிவு முடியும் இடத்தில் நின்றுவிட்டார்கள். மேடைப் பேச்சாளர் எவரும், நம்மவரையும் சேர்த்தே சொல்கிறோம், அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார்.

இவை யாவும் செல்வ நாடுகளின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். குவார்க்குகளின் மட்டத்திலிருந்து கணக்கிடும் முயற்சி சென்னையிலும் நடந்தது. அல்லாடி இராமகிருஷ்ணன் 1962ல் நிறுவிய கணித விஞ்ஞான நிறுவனத்தில், 2004ஆம் ஆண்டு, பௌதிகவியலாளர்களே முனைந்து 144 கணினிகளை வலைப்பின்னலாகப் பிணைத்து ‘கப்ரு’ என்ற கணினித் தொகுதியை அமைத்தனர். அக்காலத்தில் உலகின் விரைந்த 500 கணினிகளின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. கடையில் விற்கும் கணினிகளைச் சேர்த்துக் கட்டியது அது. நம் யாழ்ப்பாணத்து எலியேசர் கேம்பிறிட்ஜில் டிறாக்கிடம் பயின்று, தாளும் பேனாவும் கொண்டு இலத்திரனின் இயக்கத்தைக் கணித்துப் பெயர் பெற்ற காலம் ஒன்று இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் இருந்தவர் அவர். இன்று தாளும் பேனாவும் போதா. கருவி யாருடைய கையில் இருக்கிறதோ அவரே கேள்வியையும் தேர்கிறார்.

அந்தக் கருவி பிறந்த வீட்டையும் மறந்துவிடலாகாது. இன்று ஈலியத்தையும் காபனையும் கணிக்கப் பயன்படும் முறைகளிற் பல, சூதாட்டத்துக்குப் பெயர்போன மொண்டே கார்லோ நகரின் பெயரைத் தாங்கியவை. எழுமாற்று எண்களை ஆயிரமாயிரமாக எடுத்துச் சராசரி காண்பவை. அம்முறையை உருவாக்கியவர்கள் அமெரிக்க அணுகுண்டு ஆய்வுகூடமாகிய லொஸ் அலமோசின் கணிதவியலாளர்கள். எனியாக் என்னும் முதற் பெரும் மின்கணினிக்கு 1945 இறுதியில் கொடுக்கப்பட்ட முதல் வேலையே ஐதரசன் குண்டு பற்றிய கணக்கு. குண்டும் மெல்லிய கருக்களின் கதைதான்: ஐதரசனின் கனத்த வகைகள், ஈலியம், இலிதியம்.

1954 மார்ச் 1ஆம் நாள் மார்ஷல் தீவுகளின் பிக்கினி முருகைத் தீவில் ‘பிராவோ’ என்ற பெயரில் ஒரு குண்டு வெடிக்கப்பட்டது. கணித்தவர்கள் எதிர்பார்த்தது ஏறத்தாழ 6 மெகாதொன் வலிமை. வெடித்தது 15 மெகாதொன். குண்டிலிருந்த இலிதியத்தில் 40 வீதம் மட்டுமே இலிதியம்-6, மீதி இலிதியம்-7. முன்னதுதான் வேலை செய்யும், பின்னது வாளாவிருக்கும் என்று கணக்கிட்டிருந்தனர். இலிதியம்-7இன் கருவமைப்பை நோக்கினால், பலாங்கொடைக் கல்லில் கண்ட அதே ஈலியக் கரு ஒன்றும், திரிதியம் என்னும் கனத்த ஐதரசன் கரு ஒன்றும் 2.5 அலகுப் பிணைப்பில் தளர்வாகச் சேர்ந்திருப்பது போன்றது அது. வேகமான நியூத்திரன் தாக்கியதும் இரண்டும் பிரிந்தன. வெளிவந்த திரிதியம் மேலும் எரிபொருளாயிற்று. ஒரு மெல்லிய கருவைப் பற்றிய கணக்கில் நேர்ந்த வழு, இரண்டரை ஐதரசன் குண்டுகளாக உருவெடுத்தது.

அந்த வழு எங்கே விழுந்தது? ஏறத்தாழ 150 கிலோமீற்றர் கிழக்கே இருந்த ரொங்கெலாப் தீவில் வெண்சாம்பலாக விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். ஏறத்தாழ இரண்டு நாட்கள் கழித்தே மக்களை அப்புறப்படுத்தினார்கள். அப்பால், அவர்களுடைய உடல்களைக் கதிர்த்தாக்கம் பற்றிய ஆய்வுக்குரிய பொருளாக்கினார்கள். 1957ல் அவர்கள் அதே தீவில் மீண்டும் குடியேற்றப்பட்டார்கள். நோய்கள் தொடர, 1985ல் தாமே முடிவெடுத்துத் தீவை விட்டு வெளியேறினார்கள். கடலிலோ, யப்பானிய மீன்பிடிப் படகொன்றில் 23 பேர் அகப்பட்டனர்; அவர்களுள் குபோயாமா என்பவர் அவ்வாண்டு செப்டெம்பரில் மாண்டார்.

இதை விபத்து என்பார் உளர். கணக்கில் வழு நேர்ந்தது விபத்தாக இருக்கலாம். ஆனால் வழு நேரக்கூடும் என்பதைக் கணித்தவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்திருந்தபடியாலேயே பெருங்குண்டுகளைத் தம் நாட்டு நெவாடாப் பாலைவனத்தில் வெடிக்கத் துணியாமல் பசிபிக் கடலுக்குக் கொண்டு போனார்கள். காற்று திரும்புகிறது என்ற செய்தி முந்திய இரவே கையில் இருந்தது. வழுவின் பருமன் தெரியாமலிருந்தது. அதைச் சுமக்கப் போகிறவர் யார் என்பது தெரிந்தே இருந்தது. நமது முகாமைச் சேர்ந்த நண்பர்கள் இவ்விடத்தில் அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். செமிபலாற்றின்ஸ்க் வெளியைச் சுற்றியிருந்த கசாக்கியக் கிராமத்தவரை எவரும் கேட்டுக்கொண்டு சோவியத் அரசு அங்கே குண்டுகளை வெடிக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வது கடமை.

விஞ்ஞானம் நடுநிலையானது, பயன்படுத்துவோரே குற்றவாளிகள் என்னும் பழைய சமாதானம் நமக்குப் போதவில்லை. விஞ்ஞானமே குற்றவாளி என்னும் எதிர்வாதம் அதனிலும் பயனற்றது. 1955 யூலையில் ரசலும் ஐன்ஸ்ரைனும் விடுத்த அறிக்கையில் ஒப்பமிட்ட 11 அறிஞர்களுள் யுகாவாவும் ஒருவர். கருவிசை பற்றிய கொள்கையைத் தொடக்கிவைத்தவர், கணக்கை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. மனிதராக நினைத்துப் பாருங்கள் என்றே கேட்டார். நாம் கேட்க விரும்புவது அதைவிடச் சிறியது, ஆனால் குறிப்பானது. ஒரு கணக்கைச் செய்பவர் தம் வழுவை எழுதினால் மட்டும் போதுமா? அந்த வழு எந்தப் பக்கம் விழுகிறது, யார் மீது விழுகிறது என்பதையும் எழுத வேண்டாமா? வழுவமைதிக்குக் காரணம் காட்டுபவர் வேறாகவும், வழுவைச் சுமப்பவர் வேறாகவும் இருந்தால் அதற்கு அமைதி என்ற பெயர் பொருந்துமா?

எழுமாற்று வழுவுக்கும் முறைமை வழுவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அறிவர். முதலாவது ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். பல தடவை அளந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இரண்டாவது எத்தனை தடவை அளந்தாலும் ஒரே பக்கமாகவே சாயும். சராசரி எடுத்தாலும் தீராது. இனி நம் மலைகளின் கொழுந்து மடுவத்துக்கு வருவோம். கொழுந்தின் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, கிலோவுக்கு மேலுள்ள கிராம்களுக்கு ஒரு கழிவு. மழைநாளில் ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் இருக்கலாம். வெயில் நாளில்? சாக்கின் எடை சாக்குக்குச் சாக்கு வேறுபடுமாயின் சில நாள் கழிவு கூடியும் சில நாள் குறைந்தும் இருக்க வேண்டுமன்றோ? கிராம்களைத் திருத்தும்போது அரைக் கிலோவுக்கு மேற்பட்டதை முழுக் கிலோவாக்குவது எண்கணிதம் கற்பிக்கும் முறை. தோட்டங்கள் பலவற்றில் அது ஒருபோதும் மேலே திருத்தப்படுவதில்லை, கீழேதான். நாளொன்றுக்கு 18 கிலோ என்றும் அதற்கு மேலும் தோட்டத்துக்குத் தோட்டம் வரையறை இருக்க, அதைத் தொடாத கொழுந்துக்காரிக்கு ‘அரைப் பேர்’. நம் இலக்கணத்தில் ஒருமை உண்டு, பன்மை உண்டு. அரை மனிதருக்கு எண் இல்லை. இந்தத் திணைவழுவுக்கு எந்த இலக்கணியும் அமைதி கூறியதில்லை.

எல்லாம் ஒரு பக்கமாகவே சாயும்போது அதை வழு என்பது சொல்லைப் பழிப்பதாகும். அது கணக்கின் கொள்கை. அணுக்கருவைக் கணிப்போர் தம் விடை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதைக் கண்டபோது, ஈலியம் 24 அலகில் நின்றபோது, அளவீட்டைக் குறை கூறவில்லை. தம் கோவையில் எதையோ விட்டுவிட்டோம் என்று தேடினார்கள். மடுவத்தில் தேடுவோர் இல்லை.

மலைச்சரிவுகளின் கணக்கும் இவ்வாறே. ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை இறங்கி லயங்களை மூடிற்று. அவ்விடம் சரியக்கூடும் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. சரியும் என்று சொன்ன விஞ்ஞானம் எந்த நாளில் என்று சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அந்த நிச்சயமின்மையை எப்படிப் படிப்பது என்பதே கேள்வி. எச்சரிக்கையை நம்பி மக்களை வேறிடத்தில் குடியமர்த்தினால் செலவு ஒரு சாராருக்கு. நம்பாமல் விட்டால் இழப்பு வேறொரு சாராருக்கு. நிச்சயமின்மை எந்தச் சாராருக்குச் சாதகமாகப் படிக்கப்பட்டது என்பதை அந்தச் சேறு சொல்லிற்று. அகப்பட்டவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை முதல் நாட்களில் நாளுக்கொன்றாக மாறியது. மடுவத்தில் கொழுந்தைக் கிலோக் கணக்கில் எழுதிவைத்த தோட்டத்தில், மனிதர்களின் எண்ணிக்கைக்கு ஒருவரிடமும் உறுதியான ஏடு இல்லை.

இப்போது மடுவங்கள் பலவற்றில் மின்தராசு வந்துவிட்டது. கிராம் வரை எண் ஒளிர்கிறது. கழிவு தராசில் இல்லை. தராசுக்கும் சிட்டைக்கும் இடையே இருக்கிறது. நம் பாடசாலையின் உயர்தர விஞ்ஞான வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பயில்கின்றனர். ஊவாவின் தோட்டங்களில் இது இன்னும் அரிதான செய்தி. அவர்களுள் ஒருத்தி தன் தாயின் கொழுந்துச் சிட்டைகளை நாள்தோறும் வாங்கி, செய்முறைக் கொப்பியில் அட்டவணை போட்டு வருகிறாள். ஒரு நிரலில் தராசில் தாய் கண்ணால் கண்ட எண், அடுத்ததில் சிட்டையில் எழுதப்பட்ட எண், மூன்றாவதில் வேறுபாடு. மூன்றாவது நிரலுக்கு ‘வழு’ என்று தலைப்பிட்டிருந்தாள். பிறகு அதை வெட்டிவிட்டு, தலைப்பில்லாமல் விட்டிருக்கிறாள். எந்த வகை வழு என்று பௌதிக ஆசிரியரிடம் கேட்டாளாம். இன்னும் ஒரு மாதத்து எண்கள் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வெற்றுச் சாக்குகள் நான்கைந்தைக் கொண்டுவந்து ஆய்கூடத் தராசில் நிறுக்கலாமா என்று இப்போது கேட்கிறாள். ஈரமாக ஒரு தடவை, உலர்ந்த பின் ஒரு தடவை. அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.